வாயால் சமைத்தது

கிருஷ்ணகிரி தாண்டிவிட்டதாக அரசியிடமிருந்து செய்தி வந்து ஏழு நிமிடம் ஆகிறது, பீன்ஸ் இன்னும் பாதிகூட ஆகவில்லை. சாய்வாக நறுக்க வேண்டும். சாய்வாக நறுக்கினால்தான் உள்பக்கம் அதிகமாகத் திறந்துகொள்ளும், சட்டென்று வேகும், இது எனக்குத் தெரியும், பங்குனியில் ஒரு நாள் இந்தச் சாய்வைப் பற்றி அவளிடம் போனில் கால் மணி நேரம் விளக்கியிருக்கிறேன், அப்போது என் கையில் கத்தி இல்லை, இந்த வீட்டிலேயே கத்தி இல்லை, மெஸ்ஸில் மூன்று புரோட்டா தின்றுவிட்டு வந்து பாயில் மல்லாந்து மின்விசிறியைப் பார்த்தபடிதான் பேசினேன். பேசும்போது பீன்ஸ் எவ்வளவு பணிவாக இருந்தது. இப்போது உருண்டு ஓடுகிறது. ஒரு துண்டு விரல் நீளம், அடுத்தது நகத்தளவு. கம்பெனியில் இப்படி ஒரு உருப்படி வந்தால் சிவப்பு சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டு ஓரமாக வைத்துவிடுவேன். ஒன்பது வருடமாக அதுதான் வேலை, ஓசூர் சிப்காட்டில் பம்பு பாகங்கள் வார்க்கிற கம்பெனியில் தரம் பார்ப்பவன், இரும்புத் துண்டைத் தட்டிப் பார்த்தே உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன், திருமலைச்சாமி கையெழுத்துப் போட்டால் அந்தச் சரக்கு திரும்பி வராது என்று ஒரு பேர் உண்டு. அந்தத் திருமலைச்சாமிதான் இப்போது காய் நறுக்குகிறான். கல்யாணமாகி நாலு மாதம், அதில் ஒரு வாரம்தான் சேர்ந்து இருந்தோம், அவள் திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரி லேபில் வேலை, மாறுதலுக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்து காத்திருந்து பன்னிரண்டு நாளைக்கு முன்தான் உத்தரவு வந்தது. அவள் அம்மா கூட வருவதாக இருந்தது, அப்பாவுக்கு யார் சோறு போடுவது என்று நின்றுவிட்டார்கள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன் என்றேன். "வர வேணாம். ஆட்டோ புடிச்சு நானே வந்துர்றேன். நீங்க வீட்ல இருந்து சமைச்சு வைங்க. மொத மொத மாடியில சொன்னீங்கள்ல, அதுதான் வேணும்." அதைச் சொல்லும்போது குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்குச் சமைக்கத் தெரியாது. அவளுக்கு அது தெரியாது.

மாடி. தை மாதம், திண்டுக்கல்லில் அவர்கள் வீட்டு மொட்டை மாடி, பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள், கொடியில் காய்ந்த துணிகளை அவசரமாக எடுத்துவிட்டு ஒரு துண்டை மட்டும் மறந்திருந்தார்கள், நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்கப் போகிறவனிடம் என்ன கேட்பார்கள் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போயிருந்தேன், குடிப்பீங்களா, சொந்த வீடு கட்டுவீங்களா, என்னை வேலைக்கு அனுப்புவீங்களா, எல்லாவற்றுக்கும் நேர்மையான பதில் வைத்திருந்தேன். அவள் அதில் ஒன்றையும் கேட்கவில்லை. "சமைக்கத் தெரியுமா?" என்றாள். இந்தக் கேள்விக்கு நான் தயாராகவில்லை. தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும், அந்த நொடியில் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டேன், நெற்றியில் வெயில் விழுந்து ஒரு கண்ணைச் சுருக்கியிருந்தாள், பதிலுக்காக உண்மையிலேயே காத்திருந்தாள், என் பதிலுக்காக யாரும் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை, "தெரியும்" என்றேன். "என்ன செய்வீங்க?" அப்போது என் தலைக்குள் வந்தது பிக்ரம் கடைப் பலகை. கம்பெனி வாசலுக்கு எதிரே தள்ளுவண்டி போட்டிருக்கும் நேபாளத்துக்காரன், சிவப்புப் பெயின்ட்டில் பிரைடு ரைஸ், நூடுல்ஸ், அதற்குக் கீழே ஸ்டிர் ஃப்ரை. "ஸ்டிர் ஃப்ரை" என்றேன். "அப்படின்னா?" "காயெல்லாம் பெரிய தீயில சட்டுனு வதக்கி எடுக்குறது. வேகவும் கூடாது, பச்சையாவும் இருக்கக் கூடாது." இது பிக்ரம் சொன்னதுதான், சொற்கள்கூட அவனுடையவை. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கீழே இறங்கும்போது எனக்கு முன்னால் போனவள் மூன்றாவது படியில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலமே சம்மதம் என்று போன் வந்துவிட்டது. இதற்கு முன் ஐந்து பேரை வேண்டாம் என்றவளாம், எங்க பொண்ணுக்கு என்ன கணக்கோ தெரியல, உங்க பையனைப் புடிச்சிருச்சு என்று அவள் சித்தி எங்கள் அம்மாவிடம் சொன்னாராம். என்ன கணக்கு என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

கேரட். கேரட்டை மெல்லிசாக, தீக்குச்சி மாதிரி, அதுதான் கடைசியில் வேகும் என்பதால் அதைத்தான் முதலில் போட வேண்டும். நீளவாக்கில் சீவி அடுக்கி வெட்டினால் வரும், வருகிறது, பரவாயில்லை, பதினோரு நாள் பழக்கத்தில் கேரட் மட்டும் கைக்குப் படிந்திருக்கிறது. ஒரு பொய்யோடு நின்றிருந்தால் இவ்வளவு கனம் இருந்திருக்காது. அவள் தினமும் எட்டரை மணிக்கு போன் செய்வாள், செய்ததும் கேட்பாள், இன்னிக்கு என்ன சமைச்சீங்க. முதல் நாள் தக்காளித் தொக்கு என்றேன். எப்படிச் செஞ்சீங்க என்றாள். சொல்லத் தெரியவில்லை, சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன். மறுநாள் மதிய இடைவேளையில் கேன்டீனில் உட்கார்ந்து காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மொச்சைக்கொட்டைக் குழம்பு செய்கிற படத்தை மூன்று தடவை பார்த்தேன், அன்றைக்கு ராத்திரி புளியின் அளவு வரை சொன்னேன், அந்தப் பக்கம் "ம்ம்" "ம்ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள், எண்ணெய் மேல மிதந்து வந்ததும் இறக்கிட்டேன் என்று முடித்தபோது "எச்சில் ஊறுது" என்றாள். அப்புறம் அதை எப்படி நிறுத்துவது. வெண்டைக்காய் மண்டி, கத்தரிக்காய்க் கொத்சு, பூண்டுக் குழம்பு, கோசுப் பொரியல், முட்டை அவியல், கொள்ளு ரசம். ஒரே மெஸ் சாப்பாட்டைத் தின்றுவிட்டு வந்து இருநூறு நாளுக்கு மேல் வாயால் சமைத்தேன். அடி பிடித்தது என்றுகூடச் சில நாள் சொன்னேன், தினமும் நன்றாக வந்தால் நம்பமாட்டாளே என்று. அதற்கும் வருத்தப்பட்டாள், பாத்திரத்துல எலுமிச்சம்பழத் தோலைப் போட்டு ஊற வைங்க என்றாள், ஊற வைத்ததாகவும் சொன்னேன். அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம், இங்க இருந்தா மிளகு ரசம் வெச்சுக் குடுத்திருப்பேன் என்றேன், உனக்காக நான் வெச்சு நானே குடிச்சேன் என்றேன், அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது, காய்ச்சலுக்கா அழுகைக்கா என்று தெரியவில்லை. அந்த ரசத்தை மட்டும் நான் சொல்லியிருக்கக் கூடாது. மற்றதெல்லாம் விளையாட்டு, அது அப்படி இல்லை.

அதற்கு அப்புறம்தான், சித்திரையில், கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அவளாகவே சொன்னாள். அவள் பதினோராவது படிக்கும்போது அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். நாலாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்களாம். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, ராத்திரிக்கு என்ன என்று கேட்டாராம். கோபமாகக்கூட இல்லை, எப்போதும் கேட்பது போல. அம்மா ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் ரவையை வறுத்தார்களாம். "நான் புஸ்தகத்தை வெச்சிட்டு ஓடிப்போய்க் கரண்டியை வாங்குனேன். அம்மா குடுக்கல. உனக்குப் பரீட்சை இருக்குன்னாங்க. அன்னிக்கே முடிவு பண்ணுனேன், எவனா இருந்தாலும் இந்த ஒரு கேள்விய கேட்டுட்டுத்தான்." அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அரசி, ஒரு விஷயம், என்று ஆரம்பித்தேன், சொல்லுங்க என்றாள், பத்திரிகை அடிச்சு முடிச்சாச்சு, என்ன விஷயம் சொல்லுவது, மண்டபத்துல ஏசி இருக்கான்னு அப்பா கேக்கச் சொன்னாரு என்றேன். கல்யாணமான அந்த ஒரு வாரமும் தப்பித்தேன், வத்தலகுண்டில் எங்கள் அம்மாவும் திண்டுக்கல்லில் அவள் அம்மாவும் என்னை அடுப்பாங்கரைப் பக்கமே விடவில்லை, புது மாப்பிள்ளை என்று நடுக்கூடத்தில் உட்காரவைத்து இலை போட்டார்கள், பரிமாறும்போது அரசி என் காதருகே குனிந்து "உங்க கை சும்மா இருக்க மாட்டேங்குதுல்ல" என்றாள். என் கை சும்மாதான் இருந்தது. முப்பத்து நாலு வருடமாக அது சும்மாதான் இருந்தது.

போன் அடிக்கிறது. செய்திதான். சூளகிரி. இன்னும் முக்கால் மணி நேரம்கூட இல்லை. கோசை நறுக்கியாயிற்று, குடைமிளகாயை விதை எடுத்து நறுக்கியாயிற்று, வெங்காயத்தாள், இஞ்சி, பூண்டு, எல்லாவற்றையும் துணியில் பரப்பி ஈரம் போகக் காயவைத்திருக்கிறேன், சோறு வடித்து மூடியிருக்கிறேன், சோறு குழையவில்லை, அது ஒரு ஆறுதல். நிமிர்ந்து சமையலறையைப் பார்க்கிறேன், வேலைக் கண்ணோடு பார்க்கிறேன். ஓசூர் வந்ததிலிருந்து நானேதான் சமைக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், ஒன்பது வருடம் ஒருவன் சமைத்த இடமா இது? அடுப்பு போன மாதம் வாங்கியது, பர்னரில் ஒரு கறை இல்லை. அஞ்சறைப் பெட்டியில் ஆறு கிண்ணத்திலும் விளிம்பு வரைக்கும் பொருள், கடுகும் சீரகமும் ஒன்றோடொன்று ஒரு மணிகூடக் கலக்கவில்லை. எங்கள் அம்மாவின் பெட்டியில் மஞ்சள் இல்லாத கிண்ணமே கிடையாது, எல்லாவற்றிலும் மஞ்சள் ஏறியிருக்கும். ஒரு சிட்டிகை மஞ்சளை எடுத்துச் சீரகத்தின் மேல் தூவுகிறேன். கொஞ்சம் கடுகை எடுத்து மிளகில் போடுகிறேன். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன். அடுப்புக்குப் பின்னால் சுவர் வெள்ளையாக இருக்கிறது, ஒரு விரலால் எண்ணெயைத் தொட்டு அங்கே தெறித்த மாதிரி இரண்டு புள்ளி வைக்கிறேன், விரல் அடையாளம் தெரிகிறது, துடைக்கிறேன், துடைத்த இடம் பளபளக்கிறது. ஓட்டை விழுந்த வார்ப்பில் மெழுகை அடைத்துக் கறுப்பு மை தடவி என்னிடம் கொண்டுவருகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் துண்டைத் தட்டிப் பார்ப்பேன், சத்தம் சொல்லிவிடும். அவளும் அப்படித்தான், நாள் முழுக்கக் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பவள். இந்தச் சுவரையும் பெட்டியையும் பார்க்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும். வாணலியைத் திருப்பினால் அடியில் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய பசை இன்னும் வட்டமாக இருக்கிறது, நகத்தால் சுரண்டுகிறேன், வரவில்லை, இருக்கட்டும், தீயில் கருகிப் போகட்டும்.

பிக்ரமிடம் போய் நின்றது பதினோரு நாளைக்கு முன். என் வயதுதான் இருக்கும், ஊரில் இரண்டு பிள்ளைகள். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைப் பிடித்தபடியே சிரித்தான், சிரித்துவிட்டு, "பொண்டாட்டிக்கா சாமி அண்ணா? அப்போ நல்லா கத்துக்கணும்" என்றான். கூட்டம் இல்லாத நாலு மணிக்கு வரச்சொல்லிக் காட்டிக்கொடுத்தான். "தண்ணி தான் எதிரி. காய்ல தண்ணி இருக்கக் கூடாது. சட்டி புகை வரணும், அப்போ போடு. போட்டா கை நிக்கக் கூடாது." அவன் அடுப்பு உறுமும், தீ வாணலிக்கு மேலே எழுந்து வரும். எங்கள் வீட்டு அடுப்பு அப்படி இல்லை என்றேன். "வீட்டு அடுப்பு சின்னது அண்ணா. அது மேல பெரிய பாரம் ஏத்தாதே. ரெண்டு கை காய் போடு, எடு. மறுபடி ரெண்டு கை போடு, எடு. எல்லாம் ஒண்ணா போட்டா செத்துச்சு." வீட்டில் வந்து செய்தேன், செத்தது, மறுநாள் கருகியது, அதற்கு மறுநாள் உப்பு. ஏழு நாள் கெட்டுப்போனதையே தின்றேன். ஒன்பதாம் நாள் ஒரு துண்டு பீன்ஸ் பல்லில் பட்டு முறிந்தது, உள்ளே இனிப்பும் வெளியே புகையும், நான் தனியாக நின்று அந்த வாணலியைப் பார்த்து "அட" என்றேன், வேறு யாரும் இல்லை, சொல்ல வேண்டும் போலிருந்தது, எட்டரைக்கு அரசி கூப்பிட்டபோது முதன்முதலாகச் சொல்ல ஒரு நிஜம் இருந்தது, என்ன சமைச்சீங்க என்றாள், அவளிடம் போய் அதை எப்படிச் சொல்வது, ஒன்பது வருடம் சமைத்தவன் ஒரு பீன்ஸுக்கா குதிப்பான். சுரைக்காய்க் கூட்டு என்றேன்.

அடுப்பைப் பற்றவைக்கிறேன். வாணலி காய்கிறது. எண்ணெய் ஊற்றிச் சுழற்றுகிறேன், இஞ்சி, பூண்டு, வாசனை வந்தாயிற்று, கேரட்டைப் போடுகிறேன், நன்றாகத்தான் சீறுகிறது, அப்போது கீழே தெருவில் ஆட்டோ ஒன்று நிற்கிற சத்தம். வந்துவிட்டாளா, அதற்குள்ளா, பீன்ஸ் முழுவதும், கோசு, குடைமிளகாய், தட்டோடு கவிழ்க்கிறேன். சீறல் நின்றுவிடுகிறது. அந்த நிசப்தம் எனக்குத் தெரியும். கிளறுகிறேன், வாணலி நிறைய, கரண்டி புரட்ட இடமில்லை, அடியிலிருந்து தண்ணீர் ஊறி வருகிறது, சோயா சாஸை ஊற்றினால் அது ஒரு குளமாக நிற்கிறது, பச்சை மங்கி மங்கி ஆஸ்பத்திரிச் சுவர் நிறத்துக்கு வருகிறது. ஜன்னலில் எட்டிப் பார்க்கிறேன். ஆட்டோவிலிருந்து எதிர்வீட்டுப் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு இறங்குகிறார்கள். அரசி இல்லை. நான் இங்கே கரண்டியோடு நிற்கிறேன். வாணலியில் இருப்பதை ஒரு பாத்திரத்தில் கொட்டித் தட்டால் மூடி அலமாரி ஓரத்தில் வைக்கிறேன். பிக்ரம் கடைக்கு ஓடிப்போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்து இந்த வாணலியில் போட்டுவிடலாம். இந்த எண்ணம் வந்த வேகம் எனக்குப் பயமாக இருக்கிறது. நடந்தால் எட்டு நிமிடம். அவளுக்குத் தெரியவே தெரியாது. செருப்பில் ஒரு காலை விட்டுவிட்டேன். விட்டபடியே நிற்கிறேன், இன்றைக்கு இது, நாளைக்கு என்ன, தினமும் பின்வாசல் வழியாகப் பொட்டலம் கொண்டுவருவாயா, அவளுக்கு உடம்பு சரியில்லாத அன்றைக்கு என்ன செய்வாய், அன்றைக்கும் மிளகு ரசத்தை வாயால்தான் வைப்பாயா. செருப்பிலிருந்து காலை எடுக்கிறேன். குளிர்பெட்டியில் இன்னும் பாதி பீன்ஸ் இருக்கிறது, இரண்டு கேரட், கால் பங்கு கோசு. கழுவித் துடைத்து நறுக்குகிறேன். கைவிரலில் ஒரு கீறல். வாணலியைக் கழுவி மறுபடி ஏற்றுகிறேன். இந்த முறை புகை வரும்வரை காத்திருக்கிறேன், காத்திருப்பதுதான் கஷ்டம், ஒரு மெல்லிய நீலப்புகை எழுந்து எண்ணெயை ஊற்றிப் பூண்டு பொரிகிற நேரத்தில் படியில் செருப்புச் சத்தம், பெட்டியின் சக்கரம் ஒவ்வொரு படியிலும் இடிக்கிற சத்தம், திறந்திருந்த கதவு வழியாக அவள் குரல்.

"கீழ கேட்டு வரைக்கும் வாசனை வருது."

திரும்ப முடியாது. திரும்பினால் பூண்டு கருகும். எத்தனை தரம் ஒத்திகை பார்த்தேன், வாசலில் நின்று பெட்டியை வாங்கி, தண்ணீர் கொடுத்து, அப்புறம் சாவகாசமாக. "வா, வா அரசி, எண்ணெய் காஞ்சிருச்சு, ஒரு நிமிஷம்" என்கிறேன் சுவரைப் பார்த்து. "திரும்பாதீங்க. செய்ங்க. நான் பாக்குறேன்" என்கிறாள். சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள், பஸ்ஸின் சூடும் மல்லிகையும் கலந்து ஒரு வாசம், ஒன்பது மணி நேரம் பயணம் செய்து வந்தவளின் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு கை கேரட். சீறுகிறது. கரண்டி ஓடுகிறது. என் வலது முழங்கையில் அவள் பார்வை இருப்பது தெரிகிறது. பீன்ஸ் போட்டுப் புரட்டும்போது ஒரு துண்டு எகிறிச் சுவரில் பட்டு விழுகிறது, அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சாதாரணமாகத்தான் கேட்கிறாள், "எப்பவும் இந்தக் கரண்டிதானா?" கரண்டியைப் பார்க்கிறேன். மரக்காம்பு, ஒரு கறை இல்லை, கடையில் இருந்த மாதிரியே இருக்கிறது. ஆமா என்ற சொல் நாக்கு நுனியில் வந்து தயாராக நிற்கிறது, இரண்டெழுத்து, இருநூறு நாள் பழகிய நாக்கு, ஆமா என்றால் முடிந்தது, கை நிற்கக் கூடாது, கை நின்றால் தண்ணீர் விட்டுவிடும், கிளறிக்கொண்டே இருக்கிறேன், கிளறிக்கொண்டே சொல்கிறேன், "எனக்குச் சமைக்கத் தெரியாது." வாணலிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்கிறாள். "எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னேன்!" கத்துகிறேன். கீழ்வீட்டுக்கே கேட்டிருக்கும். "மாடியில சொன்னது பொய். போன்ல சொன்னது எல்லாம் பொய். பதினோரு நாளாத்தான் கத்துக்குறேன். இது ஒண்ணுதான் தெரியும். இதுவும் இப்பத்தான் ஒரு தடவ கெட்டுப்போச்சு." கோசைப் போடுகிறேன். திரும்பிப் பார்க்க வேண்டும், பார்த்தால் இது கெட்டுவிடும், இது ஒன்றாவது கெடாமல் அவளுக்குப் போய்ச்சேர வேண்டும், சோயா சாஸ் ஒரு கரண்டி, மிளகு, உப்பு, வெங்காயத்தாள், நாலு புரட்டு. அடுப்பை அணைக்கிறேன்.

திரும்பினேன். தோள்பையை இன்னும் இறக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்னைப் பார்க்காமல் வாணலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெண்டைக்கா மண்டி?"

"பொய்."

"கத்தரிக்காக் கொத்சு? அடிபிடிச்சுச்சுன்னீங்களே."

"அடிபிடிச்சதும் பொய்."

"நான் எலுமிச்சந்தோல் போடச் சொன்னேன்." அவள் உதடு கொஞ்சம் கோணியது, சிரிப்பா என்று பார்த்தேன், இல்லை. "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப வெச்சேன்னு சொன்ன ரசம்?"

அதுவும் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவள் வெளியே போய்க் கூடத்தில் தன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள். நான் வாணலியோடு வாசல்படியில் நின்றேன். இப்போது எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனால் என்ன செய்வேன் என்று நினைத்தேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவேன், வேறென்ன செய்ய முடியும், மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லலாம், அதையும் நம்பமாட்டாள், என் வாயிலிருந்து வருகிற எதைத்தான் இனி நம்புவாள்.

"தினமும் போனை வெச்சதும் அம்மாகிட்டப் போய்ச் சொல்லுவேன்" என்றாள். "மாப்ள இன்னிக்கு இது வெச்சாராம், இப்படி வெச்சாராம்னு. அம்மா அடுப்புல கிண்டிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பாங்க. ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. ஆனா ஒரு நாள் நான் சொல்லாம படுத்துட்டா, வந்து கட்டில் ஓரமா நின்னு, இன்னிக்கு என்னவாம்னு கேப்பாங்க."

"அரசி..."

"அந்த மொச்சைக்கொட்டைக் குழம்ப அம்மா செஞ்சே பாத்தாங்க. நீங்க சொன்ன மாதிரியே, எண்ணெய் மிதக்குற வரைக்கும். ரெண்டு தடவ. நல்லா இருந்துச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருந்துச்சுங்க. அதுதான் எனக்குப் புரியல. செய்யாதவரு எப்படிச் சொன்னீங்க அவ்வளவு சரியா?"

"மத்தியானம் பாத்து வெச்சுக்குவேன். மூணு நாலு தடவ. உனக்குச் சொல்றதுக்காக."

"பாத்த நேரத்துக்கு வெச்சிருக்கலாம்."

"ஆமா."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், வந்ததிலிருந்து முதல் தடவையாக. நெற்றி வேர்த்து, கீறின விரலில் துணி சுற்றி, சட்டையில் சோயா சாஸ் தெறித்து, ஒரு கையில் வாணலியோடு நான் எப்படி இருந்தேனோ. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆறுது. தட்டுல போடுங்க."

போட்டேன். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் சோற்றைத் தொடாமல் முதலில் ஒரு பீன்ஸை எடுத்துக் கடித்தாள். அது முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் கேரட். "கறுக்கு மொறுக்குனு இருக்கு" என்றாள். "அப்படித்தான் இருக்கணும்" என்றேன். "இது நெசமா, பொய்யா?" "நெசம்." தலையைக் குனிந்து சாப்பிட்டாள். பசித்திருக்கிறது அவளுக்கு, நாமக்கல்லில் ஒரு டீ குடித்ததாகத்தான் சொன்னாள். இரண்டாம் தடவை போட்டுக்கொள்ள எழுந்து போனவள் அலமாரி ஓரத்தில் மூடியிருந்த பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். "இதென்ன?" "அதுதான் கெட்டுப்போனது." ஒரு விரலால் எடுத்து நாக்கில் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், "ஐயோ" என்றாள், அதைச் சொன்னபோது தன்னை மீறிச் சிரித்துவிட்டாள், சிரித்ததற்கு அவளுக்கே கோபம் வந்தது. "எனக்குக் கோபம் போகல. நாளைக்கும் இருக்கும், சொல்லிட்டேன்" என்றாள். இருக்கட்டும் என்றேன். நாளைக்கும் என்று அவள் சொன்னதையே நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன் அடித்தது. திரையில் அம்மா என்று இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவள் என்னைப் பார்த்தாள், என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியவில்லை, சொல்லாதே என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை, சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. இடது கையால் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"சேந்துட்டேம்மா. ம்ம். சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்."

"என்னவாம் இன்னிக்கு?" அவர்கள் பின்னால் கடுகு வெடிப்பது கேட்டது.

"பீன்ஸு, கேரட்டு, கோசு, எல்லாம் போட்டு வதக்கல். அவருதான் செஞ்சாரு." தட்டில் இருந்த பீன்ஸைப் பார்த்தாள். "நான் பக்கத்துலயே நின்னு பாத்தேம்மா. கண்ணால பாத்தேன்."

அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு போல ஏதோ கேட்டது. "எப்படிச் செய்யணும்னு கேளு. நாளைக்கு வெச்சுப் பாக்குறேன்."

அரசி போனை என் பக்கம் நகர்த்தினாள். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் அது கிடந்தது. இஞ்சி எவ்வளவு, பூண்டு எவ்வளவு, எல்லாம் வரிசையாக வாயில் வந்து நின்றன, சரளமாகச் சொல்லிவிட முடியும், அதில் நான் கெட்டிக்காரன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதத் தடவ எனக்குக் கெட்டுப்போச்சுங்க அத்தே" என்றேன்.

தாளிப்புச் சத்தம் நின்றது. அடுப்பைக் குறைத்திருப்பார்கள். "அப்படியா? எதனால மாப்ள?"

"பயந்துபோய் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டேன்" என்றேன்.